அடி விழாத வீட்டின் காயங்கள்: மனவடுவிலிருந்து மீள மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அவர் அடிக்கிறவரா?" வீட்டுப் பிரச்சினை என்று ஒரு பெண் வாய் திறந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். "இல்லை" என்று அவள் சொன்னதும் கேட்டவர்களுக்கு மனம் ஆறிவிடும். "அப்ப என்னகா பிரச்சினை? புள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஓர் அடிகூட விழாமல் ஒரு மனுசியின் வாழ்க்கையை முழுதாகப் பறிக்கலாம். கைபேசியில் யாரோடு பேசினாய், கடையில் மிச்சக் காசு எங்கே, கூட்டத்துக்குப் போய் வர ஏன் இவ்வளவு நேரம், அக்கா வீட்டில் என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்று நாள் முழுக்க விசாரணை நடக்கும். பதில் பிடிக்காவிட்டால் நாட்கணக்கில் பேச்சில்லை, அல்லது பிள்ளைகளுக்கு முன்னால் அவமானம், அல்லது "செத்துப்போவேன்" என்ற மிரட்டல். சில வருடங்களில் அந்தப் பெண் கேட்கப்படுவதற்கு முன்பே தன்னைத் தானே விசாரிக்கத் தொடங்கிவிடுவாள். இப்படி ஒருவரை அடக்கியாளும் முறையை எவான் ஸ்டார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007 இல் விரிவாக எழுதினார். இங்கிலாந்தும் வேல்ஸும் 2015 இல் இதைத் தனிக் குற்றமாக்கின. இலங்கையில் அந்தப் பெயரில் குற்றம் இல்லை. ஆனால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், தொடர்ச்சியாக இழிவுபடுத்திக் கொடுமைசெய்யும் நடத்தையையும் மனரீதியான துன்புறுத்தல் என்று வன்முறைக்குள் சேர்த்திருக்கிறது. அடிக்கவில்லை என்பதற்காக உங்களுக்குச் சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் அது சரியல்ல.

இந்த வழிகாட்டி பெண்களை நோக்கி எழுதப்பட்டது. இதே நிலையில் இருக்கும் ஆண்களுக்கும், மகனின் அல்லது சகோதரனின் பிடியில் வாழும் தாய்மாருக்கும் இது பொருந்தும். எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். அடக்கியாளும் உறவு பறிப்பது முடிவெடுக்கும் உரிமையை. சிகிச்சை அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்களுக்காக முடிவெடுக்கும் சிகிச்சையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதே காயத்தின் மேலேயே கை வைக்கிறார்.

முதற்படி: நடப்பதைத் தொகுத்துப் பாருங்கள்

ஒரு தனிச் சம்பவத்தை எடுத்துப் பார்த்தால் எல்லாமே சின்ன விடயமாகத் தெரியும். கடந்த ஒரு வருடத்தை மொத்தமாகப் பாருங்கள். யாரோடெல்லாம் உறவு அறுந்திருக்கிறது? உங்கள் பெயரில் யார் கடன் எடுத்தார்கள்? நீங்கள் பயத்தால் செய்யாமல் விட்டவை என்ன?

எங்கள் பிரதேசத்துக்கே உரிய வடிவங்களும் உண்டு. நுண்கடன் குழுவில் மனைவியின் பெயரில் காசு எடுத்துச் செலவழித்துவிட்டு, சேகரிக்க வருபவர் முன் அவளை நிறுத்துவது. கட்டாரிலோ சவூதியிலோ இருந்துகொண்டு நேரம் காலமில்லாமல் வீடியோ அழைப்பு எடுத்து "வீட்டைச் சுத்திக் காட்டு" என்பது. வெளிநாட்டில் வேலைசெய்து அவள் அனுப்பிய காசுக்குக் கணக்கே சொல்லாமல் விடுவது. எல்லாவற்றுக்கும் மேல், சீதன வீட்டு உறுதி.

உறுதி விடயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழர் முஸ்லிம் இரு சமூகத்திலும், வீடு பெரும்பாலும் பெண்ணுக்குக் கொடுபடுகிறது. கணவன்தான் அவள் வீட்டுக்கு வருகிறான். இது பெரிய பலம். அதனாலேயே அந்த உறுதி முதற் குறியாகிறது: ஈடு வை, என் பெயருக்கு மாற்று, கையொப்பம் போடு. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டம் இங்கு செல்லாது. பொதுச் சட்டத்தின்படி உங்கள் பெயரிலுள்ள காணி உங்களுடையது. அதைப் பற்றி முடிவெடுக்கக் கணவனின் சம்மதம் தேவையில்லை. "வீட்டை விட்டு வெளியேறு" என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும் அறிவுரையை இங்கே அப்படியே பின்பற்றினால், ஒரு பெண் தன் வீட்டையும், சுற்றிவரக் குடியிருக்கும் தாய் சகோதரிகளையும் இழந்து நிற்பாள். உயிராபத்து இருந்தால் உடனே வெளியேறத்தான் வேண்டும். மற்றப்படி வெளியே போக வேண்டியவர் யார் என்ற கேள்வியை நீதிமன்றத்தில் கேட்கலாம். நீதிமன்றம் கொடுக்கும் பாதுகாப்புக் கட்டளை, கொடுமைசெய்பவர் அந்த வீட்டுக்குள் நுழைவதைத் தடுக்கலாம். குடும்ப வீட்டை விற்பதையும் ஈடுவைப்பதையும்கூடத் தடுக்கலாம்.

இரண்டாம் படி: பாதுகாப்பு

காயம் ஆறுவதற்கு முதலில் அடி நிற்க வேண்டும். ஆபத்து தொடரும்போது பழைய நினைவுகளைக் கிளறும் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. அந்த நேரத்தில் உங்கள் பயம் நோயல்ல. அது உங்களைக் காக்கிறது.

கழுத்தை நெரித்தது, கொல்வேன் என்றது, கத்தியோ வேறு ஆயுதமோ காட்டியது, பிரிவைப் பற்றிப் பேசியதும் கண்காணிப்புக் கூடியது ஆகியவை கடும் ஆபத்தின் அறிகுறிகள். கழுத்தை நெரித்திருந்தால் வெளியில் அடையாளம் இல்லாவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். பிரிந்து போகும் காலமும் பிரிந்ததற்குப் பிந்திய மாதங்களும்தான் மிக ஆபத்தானவை. ஆகவே போகப்போவதாக முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி ஆகியவற்றின் பிரதிகளை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வேறு கருவிகள் இணைக்கப்பட்டிருக்கின்றனவா, கூகுளில் இருப்பிடம் பகிரப்படுகிறதா என்று பாருங்கள். ஆனால் அவற்றை உடனே துண்டித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். எப்போது துண்டிப்பது என்பதையும் திட்டத்தோடு முடிவுசெய்யுங்கள். இந்தக் கட்டுரையை உங்கள் சொந்தக் கைபேசியில் வாசித்தால் தேடல் வரலாற்றை அழித்துவிடுங்கள்.

பாதுகாப்புக் கட்டளைக்கு நீதிவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நீங்களே விண்ணப்பிக்கலாம், உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். கட்டளை 12 மாதம் வரை செல்லும். கணவன் மட்டுமல்ல, முன்னாள் கணவன், தகப்பன், சகோதரன், மகனுக்கு எதிராகவும் கேட்கலாம். காதி நீதிமன்றத்தில் விவாக வழக்கு நடக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். சட்டத்தரணிக்கு வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

மூன்றாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

அரச வைத்தியசாலைகளில் இயங்கும் நட்பு நிலையம் நல்ல தொடக்கம். சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள். பால்நிலை வன்முறைக்கு உள்ளானவர்களுக்கென்றே சுகாதார அமைச்சு அமைத்த இடம் அது. பொலிஸ் முறைப்பாடு இல்லாமலும் போகலாம். வைத்தியசாலைக்குப் போவதை மறைக்கத் தேவையும் இல்லை. காய்ச்சலுக்கும் பிரஷருக்கும் எல்லோரும் போகிற இடம்தானே. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனைப் பக்கத்தவர்கள் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் உளநல கிளினிக் நாளைக் கேட்டு அறியலாம். அரச சேவை இலவசம்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பார்கள். ஊர் சின்னது, அங்கே வேலைசெய்பவர் உங்கள் மச்சாளாகவோ உங்கள் கணவருடைய கூட்டாளியின் தங்கையாகவோ இருக்கலாம். அப்படியானால் பக்கத்துப் பிரதேச செயலகத்துக்குப் போகக் கேளுங்கள். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போருக்குள்ளிருந்தே பெண்களோடு நின்று வந்த அமைப்பு.

தொலைபேசியில் தொடங்க விரும்பினால்: பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, தேசிய உளநல உதவி இலக்கம் 1926, சிறுவர்களுக்கு 1929, அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. உயிரை விடும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். 1926 ஐ அழையுங்கள், வயல் மருந்துகளையும் மிச்சமுள்ள மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்த ஒருவரிடம் கொடுங்கள்.

நான்காம் படி: முதல் நாளே கேட்க வேண்டியவை

நோயாளி வைத்தியரைக் கேள்வி கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை. இங்கே அது அவசியம். நான் சொல்வதை யாரிடமாவது சொல்வீர்களா? எழுதி வைப்பதை யார் பார்ப்பார்கள்? கணவர் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? மனவடுவுக்கான எந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்? பிள்ளைகளுக்கு ஆபத்து இருந்தால் உரிய இடத்துக்கு அறிவிக்க வேண்டி வரலாம் என்று நேர்மையாகச் சொல்பவர் நல்லவர். "ஒண்டும் வெளியில போகாது" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவரிடம் மறுகாலும் விளக்கம் கேளுங்கள்.

இருவரையும் ஒன்றாக இருத்திப் பேசலாம் என்ற யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சாதாரணச் சண்டை சச்சரவுக்குத் தம்பதியர் உளவளத்துணை உதவும். ஒருவர் மற்றவரை அடக்கி ஆளும் வீட்டில், அந்த அறையில் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் இரவில் கணக்குத் தீர்க்கப்படும். பயந்து அவள் பேசாமல் இருந்தால், "அவளுக்கே சொல்ல ஒண்டுமில்ல" என்றாகிவிடும். பொலிஸிலோ ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலோ எழுதப்படும் சமாதானக் கடதாசிகள் பலவும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. வீட்டு வன்முறைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் உளவளத்துணைக்குக் கட்டளையிடலாம்; அப்படி வந்தால் தனித்தனி நேரம் வேண்டும் என்று உங்கள் சட்டத்தரணி மூலம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: முதலில் உடம்பு

மனவடுச் சிகிச்சையை மூன்று கட்டமாகப் பிரிப்பது வழக்கம்: பாதுகாப்பும் நிலைப்படுத்தலும், நினைவும் துக்கமும், பிறகு வாழ்க்கையோடு மீண்டும் சேர்தல். ஜூடித் ஹேர்மன் என்ற அமெரிக்க மனநல வைத்தியர் 1992 இல் இதைத் தெளிவாக வகுத்தார். முதற் கட்டத்துக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும்.

எங்கள் பெண்கள் வைத்தியரிடம் "பயமாக இருக்கிறது" என்று சொல்வது குறைவு. நெஞ்சு பதறுது, தலை விறைக்குது, கை கால் உளையுது, நெஞ்சுக்குள்ள பாரமாக் கிடக்கு, பெருமூச்சு வருது என்பார்கள். பரிசோதனை எல்லாம் சரியாக வரும்; "ஒண்டுமில்ல" என்று விற்றமின் மாத்திரையோடு அனுப்பப்படுவார்கள். வருடக்கணக்காக மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் விறைத்துப் பழகிய உடம்பு, அவர் ஊரிலேயே இல்லாத நாளிலும் அந்தச் சத்தத்துக்கு விறைக்கும். மூளை ஆபத்தை நினைவு வைத்திருக்கும் விதம் அது. பைத்தியம் அல்ல.

இந்தக் கட்டத்தில் கற்பவை எளிமையானவை, ஆனால் தினமும் செய்ய வேண்டியவை. மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடுங்கள்: நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. நினைவு வந்து மோதும்போது வெறுங்காலைத் தரையில் அழுத்தி, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லுங்கள். பிறகு கேட்கும் சத்தங்கள். பிறகு ஒரு வாசனை, தேசிக்காய்த் தோலோ கறிவேப்பிலையோ. இன்றைய திகதியையும் நிற்கும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அமைதியான நேரத்தில் பழகியிருந்தால்தான் பதற்றத்தில் கை கொடுக்கும். கண்ணை மூடச் சொன்னால் சிலருக்குப் பயம் கூடும், திறந்தபடியே செய்யலாம். கடற்கரைக்குப் போய் மனதை ஆற்று என்று எல்லோருக்கும் சொல்லக் கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; அலைச்சத்தமே சிலருக்கு நெஞ்சைப் பதறவைக்கும்.

ஆறாம் படி: கதையைச் சொல்லும் காலம்

நித்திரை கொஞ்சம் சீரான பிறகு, பதற்றம் வந்தால் இறக்கத் தெரிந்த பிறகு, நீங்கள் "ஓம், தொடங்கலாம்" என்று சொன்ன பிறகு மட்டும் இந்தக் கட்டம். எல்லோருக்கும் இது தேவைப்படுவதும் இல்லை.

கதைவழி வெளிப்பாட்டுச் சிகிச்சை எங்கள் மண்ணுக்கு நன்றாகப் பொருந்துவது. ஜெர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்காக உருவாக்கியது. தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். அது உங்கள் ஆயுள். பிறந்தது முதல் இன்றுவரை, நல்ல நாட்களுக்கு ஒரு பூ, கொடிய நாட்களுக்கு ஒரு கல். கயிற்றின் மிச்சச் சுருள் இன்னும் வாழவேண்டிய காலம். பிறகு கிழமைக்கு ஒரு தடவையாக, ஒழுங்குப்படி, ஒவ்வொரு கல்லிடமும் நின்று அங்கே கண்டது, கேட்டது, உடம்பில் உணர்ந்தது, நினைத்தது எல்லாவற்றையும் மெதுவாகச் சொல்வீர்கள். சிகிச்சையாளர் எழுதி, அடுத்த முறை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார். சிதறிக் கிடந்த காட்சிகள் இடமும் காலமும் உள்ள கதையாகும்போது அவை இறந்தகாலத்துக்குப் போகின்றன.

சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 31 தமிழ்ப் பிள்ளைகளோடு செய்த ஓர் ஆய்வு 2009 இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு ஆறு அமர்வு கதைவழிச் சிகிச்சை. மற்றவர்களுக்கு ஆறு அமர்வு தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரு பகுதியினரும் நன்றாகத் தேறினார்கள். சொல்லத்தான் வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று எனக்குத் தெரியாது. வாய் திறக்க முடியாதவர்களுக்குக் களிமண்ணும் நிறமும் நாடகமும் உண்டு. 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா பிள்ளைகளோடு அந்த வழியில்தான் வேலை செய்தது.

வேறு முறைகளும் இருக்கின்றன. மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும், நினைவை மனதில் வைத்தபடி கண்ணை இடம் வலமாக அசைக்கும் ஈஎம்டிஆர் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013 இல் பரிந்துரைத்தது. சுமார் 12 அமர்வில் நடக்கும் அறிவாற்றல் செயன்முறைச் சிகிச்சை, அடக்கியாளப்பட்டவர்களின் குற்ற உணர்வோடு நேராக மல்லுக்கட்டுகிறது. "நான் வாய் காட்டாமல் இருந்திருந்தால் அவர் அப்படிச் செய்திருக்கமாட்டார்" என்ற எண்ணத்தைக் கடதாசியில் எழுதி, வாய் காட்டாத நாட்களில் என்ன நடந்தது என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் அன்றும் அதேதான் நடந்திருக்கும்.

அமர்வு முடிந்த அன்று தலையிடி, அழுகை, கெட்ட கனவு கூடலாம். ஓரிரு நாளில் இறங்க வேண்டும். கிழமைக் கணக்கில் மோசமாகிக்கொண்டே போனால் நிறுத்தி முதற் கட்டத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

மருந்து பற்றி

சேர்ட்ராலின், ஃபுளுவொக்செற்றின் போன்ற மருந்துகள் பலருக்கு உதவுகின்றன. பயன் தெரியச் சில கிழமை எடுக்கும், திடீரென நிறுத்தக் கூடாது. டயஸிபாம் போன்ற நித்திரைக் குளிசைகள் பழக்கமாகிவிடும். அவை மனவடுவை ஆற்றுவதும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "இவ விசரி, கிளினிக் கொப்பியைப் பாருங்க" என்று பிள்ளைகளின் பொறுப்பு வழக்கில் அந்தக் கொப்பியையே ஆயுதமாக்குகிறவர்கள் உண்டு. ஆகவே வீட்டில் நடப்பதை வைத்தியரிடம் சொல்லி, அதையும் பதியச் சொல்லுங்கள். எதனால் நோய் வந்தது என்பது நோயின் பெயரோடு சேர்ந்து இருக்கட்டும்.

ஏழாம் படி: விருப்பத்தைத் திரும்பக் கற்றல்

"உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் அழுதுவிடும் பெண்கள் இருக்கிறார்கள். பத்து இருபது வருடமாக எவரும் கேட்காத கேள்வி. இந்தக் கட்டத்தைப் பெரிய இலட்சியங்களோடு தொடங்க வேண்டாம். இன்றைக்கு என்ன கறி, எந்த நிறச் சாறி, கோயிலுக்கு எந்த வழியால் போவது. நாளுக்கு ஒரு முடிவு, யாரிடமும் கேட்காமல். பிறகு உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு. பிறகு அறுந்துபோன ஒரு உறவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பிழையான முடிவும் எடுப்பீர்கள். பிழைவிட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்பதை உடம்பு அறிவதே இங்கே சிகிச்சை.

அவரை நினைத்து ஏங்குவீர்கள். அதற்காக வெட்கப்பட வேண்டாம். கொடுமைக்கும் அன்புக்கும் இடையில் மாறி மாறி அலைக்கழிக்கப்பட்ட மனம், அன்பு கிடைத்த அந்தச் சில நாட்களை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. "இன்னும் அவனையா நினைக்கிறாய்?" என்று அதட்டாத ஒருவரிடம் அதைச் சொல்ல முடிய வேண்டும்.

கீழே பழைய காயம் இருந்தால்

இங்கே அநேகரின் கதை திருமணத்தோடு தொடங்குவதில்லை. 1990 இல் கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாத அண்ணன், ஆயுதக் குழு பிடித்துப்போகும் என்ற பயத்தில் பதினாறு வயதில் அவசரமாகக் கட்டிவைக்கப்பட்ட கலியாணம், அகதி முகாமில் பிறந்த முதற் பிள்ளை. காப்பாற்றுவதற்காகச் செய்த கலியாணமே சிறையானால், யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் கோபம் உள்ளேயே நிற்கும். காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்ளும்படி எந்தச் சிகிச்சையாளரும் தள்ளக் கூடாது. கயிற்றில் அந்த இடத்தில் என்ன வைப்பது, கல்லா பூவா இரண்டுமா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.

அம்மன் கோயிலில் வாக்குக் கேட்பதும், கண்ணகி குளிர்த்தியில் அழுது தீர்ப்பதும், பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பதும் போர்க்காலம் முழுக்க எங்கள் சனத்தைத் தாங்கியவை. சிகிச்சைக்காக அவற்றை விடத் தேவையில்லை. மருந்தை நிறுத்து, அவரோடு சேர்ந்து போ, உனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று அடிக்கிற இடத்துக்கு மட்டும் போக வேண்டாம்.

சிகிச்சை முடியும்போது

திடீரென நிறுத்தாமல் கிழமைக்கு ஒன்று, இரு கிழமைக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளியைக் கூட்டுங்கள். பாதுகாப்புக் கட்டளை முடியும் திகதியையும் வழக்குத் தவணைகளையும் கலண்டரில் குறித்து, அந்தக் கிழமைகளில் அமர்வு கேளுங்கள். பிள்ளைகளைப் பார்க்க அவர் வரும் நாட்களில் மூன்றாம் ஆள் ஒருவர் கூட இருக்கட்டும். பேச்சு எழுத்துக் குறுஞ்செய்தியில், பிள்ளைகளைப் பற்றி மட்டும். ஆண்டுத் திவசம் வரும் மாதத்தில், டிசம்பர் 26 ஐ ஒட்டிய நாட்களில் நித்திரை குழம்பினால் அது சிகிச்சை தோற்றதன் அறிகுறி அல்ல. அதே கிளினிக் கொப்பியோடு மறுபடியும் போகலாம். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டாலும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.